கோம்பைக் குட்டிக்குக் கூண்டுப் பழக்கம்

வேளச்சேரி ஃபிளாட்டில் நான் வளர்ப்பது கோம்பை என்ற நாட்டு நாய்க் குட்டி. சொன்ன பேச்சு கேட்காது, அவித்த கோழி ஈரலுக்கு மட்டும் மசியும். அதனால் ஈரல் துண்டைக் கூண்டுக்குள் போட்டு, கதவைத் திறந்தே வையுங்கள். தானாகப் போய்ப் படுக்கட்டும், அப்புறம் கொஞ்ச நேரம் சாத்தலாம். கூண்டுக்குள் எழுந்து திரும்ப இடமிருந்தால் போதும். பெரிசாக இருந்தால் ஒரு மூலையைக் கக்கூஸாக்கிவிடும். மே மாதத்தில் பால்கனியில் வைக்கவே கூடாது, ஃபேனடிதான் சரி.

3 மாதக் குட்டி 3 மணி நேரம் மூத்திரத்தை அடக்குவதே பெரிய விஷயம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். லிஃப்டில் இறக்கிவிட்டால் அங்கேயே முடித்துவிடும்! தடுப்பூசி முடியும்வரை தெரு வேண்டாம், மொட்டை மாடியில் ஒரே மூலை. போன கையோடு ஈரல். வீட்டுக்குள் மூத்திரம் போய்விட்டால் அடிக்காதீர்கள். சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகத்தான் பழகும்.