மிரளும் நாய்க்கு நகம் வெட்டுதல்: ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும்

நாய் நடக்கும்போது தரையில் நகங்கள் டக்டக்கென்று தட்டும் ஓசை கேட்கத் தொடங்கினால், அவற்றை வெட்டும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். சமதரையில் நேராக நிற்கும் நாயின் நகம் தரையைத் தொடாமல் சற்றே மேலே நிற்க வேண்டும். அதைத் தாண்டி வளர்ந்த நகத்தைத் தரை ஒவ்வோர் அடியிலும் மேல்நோக்கித் தள்ளுவதால், விரல்கள் விலகிக் கோணுகின்றன. வழுவழுப்பான தரையில் கால் வழுக்குகிறது. நாளடைவில் நாயின் நடையே மாறிவிடுகிறது. முன்காலின் உட்பக்கத்தில் சற்று மேலே ஒதுங்கி நிற்கும் கட்டைவிரல் நகம் தரையில் உராயாததால் தேய்வதே இல்லை. அது வளைந்து வளர்ந்து சதைக்குள் குத்தும் வரை பலர் கவனிப்பதும் இல்லை.

எங்கள் வீட்டு நாய்க்கு முதன்முதலாக நகம் வெட்டியபோது, ஒருவர் அமுக்கிப் பிடிக்க மற்றவர் வெட்டுவது என்று முடிவு செய்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடித்தோம். வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அதன்பின் பல மாதங்களுக்கு, நகவெட்டி இருக்கும் மேசை இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டாலே அது கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது. அது பயந்தது வெட்டுக்கு அல்ல, அசைய முடியாமல் பிடித்து வைத்ததற்கே என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

எல்லா நகங்களையும் ஒரே நாளில் சரியான நீளத்துக்குக் கொண்டுவர முயல்வதில் வேறொரு சிக்கலும் உண்டு. நகத்தின் உள்ளே இரத்தக் குழாய்களும் நரம்பும் கொண்ட உயிர்ச்சதை இருக்கிறது. வெட்டாமல் விட்ட நகத்தில் இந்தச் சதையும் கூடவே நீண்டுவிடுவதால், நகத்தை ஒரேயடியாகக் குட்டையாக்கினால் இரத்தம் வரும், வலிக்கவும் செய்யும். நுனியை மட்டும் வாரம் ஒருமுறை சிறிதளவு வெட்டிவந்தால், உயிர்ச்சதை மெல்லப் பின்வாங்கி, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் வெட்ட இடம் கொடுக்கும். ஆகவே நாய் பயந்தாலும் பயப்படாவிட்டாலும் நீண்ட நகத்தைச் சீர்செய்யச் சில வாரங்கள் ஆகத்தான் செய்யும், அவசரப்பட்டுப் பயனில்லை.

முதல் சில நாள்களுக்கு நகவெட்டியைப் பயன்படுத்தவே வேண்டாம். நாய் ஓய்வாகப் படுத்திருக்கும் நேரத்தில் தோளிலிருந்து தடவிக்கொண்டே கீழிறங்கி, பாதத்தை ஒரு நொடி தொட்டுவிட்டு, உடனே அதற்குப் பிடித்த தின்பண்டத்தில் ஒரு சிறு துண்டைக் கொடுங்கள். தொடுதல் முதலில், தின்பண்டம் பிறகு என்ற வரிசை மாறக் கூடாது. தின்பண்டத்தை முன்னதாகவே காட்டினால், நாய் அதையே வரப்போகும் தொல்லைக்கு அறிகுறியாக எடுத்துக்கொள்ளும். பாதத்தைப் பிடிப்பது பழகியபின் ஒரு விரலை மட்டும் பிடித்துப் பாருங்கள். பின்னர் நகவெட்டியைத் தரையில் வைத்து முகர விடுங்கள். பின்னர் அதை நகத்தின் மேல் வைத்து, வெட்டாமலே எடுங்கள். வெட்டும் ஓசைக்குப் பழக்க, காய்ந்த குச்சி ஒன்றைச் சற்றுத் தள்ளி நின்று வெட்டிக் காட்டலாம்.

நாயின் உடல் சொல்வதைக் கவனிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. உதட்டை அடிக்கடி நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, காதைப் பின்னால் மடக்குவது, நடுங்குவது, கல்லாய் உறைந்து நிற்பது ஆகிய எல்லாமே அச்சத்தின் அடையாளங்கள். உறைந்து நிற்பதைப் பணிவு என்று எண்ணிவிட வேண்டாம். உறுமினால் அதட்டக் கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை, அதை அடக்கப் பழகிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். இவற்றில் எது தெரிந்தாலும் கையை எடுத்துவிட்டு, மறுநாள் ஒரு படி பின்னால் சென்று தொடங்குங்கள்.

வெட்டும் நாளில் நல்ல வெளிச்சமும், வழுக்காத விரிப்பும், கூரான நாய் நகவெட்டியும் வேண்டும். மழுங்கிய கத்தி நகத்தை நசுக்கும். மனிதர்களின் நகவெட்டி நாயின் உருண்ட நகத்துக்குப் பொருந்தாது. முன்காலைப் பக்கவாட்டில் இழுக்காமல், அது இயல்பாக மடங்கும் திசையிலேயே தாழ்வாகப் பிடியுங்கள். மூட்டுவலி உள்ள வயதான நாயைப் படுக்க வைத்தே வெட்டுவது நல்லது.

வெளிர் நகத்தில் உயிர்ச்சதை இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்தலாம். கறுப்பு நகத்தில்தான் எல்லோருக்கும் கை நடுங்குகிறது. அதில் மெல்லிய வில்லைகளாக மட்டும் வெட்டி, ஒவ்வொரு முறையும் வெட்டிய முகத்தை நேராகப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் அது சுண்ணாம்புபோல் வெளுத்து உலர்ந்திருக்கும். இன்னும் உள்ளே போனால் நடுவில் ஈரப்பசையுள்ள ஒரு கரும்புள்ளி தோன்றும். அந்தப் புள்ளிக்கு மேல் ஒரு வில்லைகூட வெட்டக் கூடாது.

அப்படியும் இரத்தம் வந்துவிட்டால் பதறாதீர்கள். உங்கள் பதற்றம் நாயைத்தான் முதலில் தொற்றும். இரத்தக் கசிவை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடரையோ, அது இல்லையென்றால் சோளமாவையோ (கார்ன்ஃப்ளார்) நகநுனியில் வைத்துச் சில நிமிடங்கள் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 15 நிமிடத்துக்குப் பிறகும் நிற்கவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நகம் சதைக்குள் குத்தியிருந்தாலும், பிளந்திருந்தாலும், வழக்கமாகக் கால் கொடுக்கும் நாய் ஒரு பாதத்தை மட்டும் தொடவிடாமல் இழுத்துக்கொண்டாலும் வீட்டில் முயல வேண்டாம். கடிக்கும் அளவுக்கு மிரளும் நாய்க்கு, மருத்துவர் நாயின் எடை பார்த்து அச்சம் தணிக்கும் மாத்திரை எழுதித் தருவார். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையை நாமாகக் கொடுப்பது ஆபத்து.

நகவெட்டியை எந்த விதத்திலும் ஏற்காத நாய்களுக்குச் சுரண்டு பலகை கைகொடுக்கும். ஒரு பலகையில் உப்புத்தாளை ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, நாய் தானாகவே முன்காலால் அதைச் சுரண்டும்போதெல்லாம் தின்பண்டம் கொடுத்தால், முன்கால் நகங்களை அது தானே தேய்த்துக்கொள்ளும். கட்டைவிரல் நகமும் பின்கால் நகங்களும் மட்டும் உங்கள் பொறுப்பில் மிஞ்சும். உடனடிப் பலன் தேடுபவர்களைவிட, பயிற்சிக்கு ஒரு வாரம் ஒதுக்குபவர்களுக்கே இது பலிக்கிறது.

பெரும்பாலான நாய்களுக்கு முன்கால்களில் 10, பின்கால்களில் 8 என 18 நகங்கள். ஒரு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு சுற்றுக்கு 18 நாள் ஆகும். நாய் பழகியபின் நாளுக்கு மூன்று நகம் வெட்ட முடிந்தால் அதே சுற்று 6 நாளில் முடிந்து, உயிர்ச்சதை பின்வாங்கத் தேவையான வாராந்தர இடைவெளியும் தானாக அமைந்துவிடும். நேற்று எந்தக் காலில் எந்த நகத்தோடு நிறுத்தினோம் என்பது மறுநாளே மறந்துபோகும் என்பதால், நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.