டிராவல் டிரெய்லரின் சன்னல்களுக்குத் திரை: தேர்வும் பொருத்தும் முறையும்

வண்டியின் பின்னே இழுத்துச் செல்லும் சிறு வீடு போன்ற டிராவல் டிரெய்லருக்கு பிளைண்ட் எனப்படும் சன்னல் திரை வாங்கப் போகிறவர், வீட்டுச் சன்னலுக்கு வாங்குவதுபோல முதலில் நிறத்தையும் துணியையும் பார்க்கத் தொடங்கினால் பணம் வீணாகக்கூடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடும் டிரெய்லர்கள் பலவற்றின் உட்சுவர் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட்தான். அதன் பின்னே மரச்சட்டமோ அலுமினியச் சட்டமோ ஓடும் இடங்களைத் தவிர, மற்ற இடமெல்லாம் கண்ணாடிப் பஞ்சோ நுரைப்பலகையோதான் இருக்கும். அந்தச் சுவரில் தொங்கும் பொருள் ஒவ்வொரு பயணத்திலும் மணிக்கணக்கில் அதிர்கிறது. ஆகவே திருகு எங்கே பிடிக்கும், வண்டி ஓடும்போது திரை எப்படி அசையாமல் நிற்கும் என்ற இரண்டையும் முடிவு செய்த பிறகுதான் மற்றவற்றை யோசிக்க வேண்டும்.

டிரெய்லர்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் மடிப்புத் திரையின் சிறப்பும் இதுதான். அதன் மடிப்புகளுக்குள் ஓடும் மெல்லிய கயிறுகள் கீழே சுவரோடு இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால், திரை எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும், ஊசலாடாது. நாளடைவில் கயிறு தேய்ந்து அறுவதுதான் அதன் குறை. துணி நன்றாக இருந்தால் கயிற்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அரை நாள் பொறுமையாக உட்கார்ந்தால் முடிகிற வேலைக்காகப் புதிய திரை வாங்க வேண்டியதில்லை. புதிதாக வாங்குவதென்றால், குளிர்காலத்திலும் பயணம் செய்கிறவர்களுக்குத் தேன்கூடு போன்ற அறைகளில் காற்றை அடக்கி வைத்திருக்கும் செல்லுலார் திரையையே நான் பரிந்துரைப்பேன். சுருள் திரை மிகக் குறைந்த இடத்தை அடைக்கும். அலுமினியப் பட்டைகளாலான மினி பிளைண்ட் விலை குறைவு, ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஆனால் கீழ்ச்சட்டத்தை இருபுறமும் கொக்கியால் பிடித்து வைக்காவிட்டால் வழி நெடுகச் சலசலக்கும். மரப்பட்டைத் திரையும் மரம் போன்ற பிளாஸ்டிக் பட்டைத் திரையும் அழகானவைதான், ஆனால் இந்த மெல்லிய சுவருக்கு அவற்றின் எடை அதிகம்.

குழந்தைகள் இருக்கும் டிரெய்லரில் தொங்கு கயிறு உள்ள திரை வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் கடைகளில் ஆயத்தமாக விற்கும் திரைகள் கயிறில்லாமலோ கைக்கு எட்டாத கயிறோடோ இருக்க வேண்டும் என்ற தரநிலை 2018 டிசம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. கழுத்தில் கயிறு சுற்றிக் குழந்தைகள் இறந்ததே அதற்குக் காரணம். டிரெய்லரில் குழந்தையின் படுக்கை பெரும்பாலும் சன்னலை ஒட்டியே அமைந்திருப்பதால், வீட்டைவிட இங்கே கூடுதல் கவனம் தேவை.

மூன்று சன்னல்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். சிவப்புக் கைப்பிடி உள்ள சன்னல் தீ விபத்தின்போது வெளியேறும் வழி. அங்கே பொருத்தும் திரை ஒரே கை அசைவில் மேலே போக வேண்டும், கைப்பிடியை மறைக்கவோ தடுக்கவோ கூடாது. அடுப்பை ஒட்டிய சன்னலுக்குத் துணித்திரை ஆகாது, அலுமினியப் பட்டையே பாதுகாப்பானது. வெளியே நீண்டு உள்ளே வரும் ஸ்லைடு அவுட் பகுதிக்கு அருகில் உள்ள சன்னலை, அந்தப் பகுதியை முழுவதும் உள்ளே இழுத்து வைத்துவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையின் மேல்பெட்டி அதில் இடித்து உடையும்.

டிரெய்லர் சன்னல்களின் மூலைகள் பெரும்பாலும் வளைந்திருக்கும். உட்புறத்தில் ஒரு வளையச் சட்டமும் சற்றுத் துருத்திக்கொண்டிருக்கும். அந்த வளையத்தைச் சுற்றியுள்ள திருகுகள்தாம் வெளிச்சட்டத்தையும் உள்சட்டத்தையும் சுவரோடு சேர்த்து இறுக்கி, மழைநீர் புகாமல் காக்கின்றன. திரைக்காக அவற்றைக் கழற்றவோ வளையத்தில் துளையிடவோ கூடாது. எனவே திரையைச் சன்னலின் குழிக்குள் பொருத்தாமல், வெளியே சுவரின்மேல் பொருத்துவதே நல்லது. வளையத்தின் வெளி விளிம்பிலிருந்து இருபுறமும் 2 அங்குலம் கூட்டி அகலத்தை எடுங்கள். தச்சர்கள் ஒரு நூல் என்று சொல்லும் 1/8 அங்குலம் வரை துல்லியமாக எழுதிக்கொள்ளுங்கள். வளையம் எவ்வளவு துருத்துகிறதோ அதைவிடச் சற்றே கனமான மரத்துண்டை, திரையின் மேல்பெட்டியைத் தாங்கும் ஒவ்வொரு கொக்கியின் பின்னாலும் வைத்தால் திரை வளையத்தில் உரசாது.

சுவருக்குள் மரச்சட்டம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட ஒரு வலுவான காந்தம் போதும். அதை மெதுவாக நகர்த்தினால், பிளைவுட்டைச் சட்டத்தோடு பிணைத்த இரும்பு ஆணிகளின்மேல் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் சன்னல் ஓட்டையைச் சுற்றியே சட்டம் இருக்கும். கொக்கி வரவேண்டிய இடத்தில் சட்டம் இல்லாவிட்டால், இரண்டு சட்டங்களை எட்டும்படி ஒரு மர ரீப்பரைப் பசையிட்டுத் திருகி, அதன்மேல் திரையைப் பொருத்துங்கள். நுரைப்பலகை ஒட்டிய சுவரில், பின்னால் விரிந்து பிடிக்கும் பிளாஸ்டிக் ஆங்கர்களுக்கு விரிய இடம் கிடைக்காது; ரீப்பரே அங்கு வழி.

துளையிடும் முன் டிரில் பிட்டில் முனையிலிருந்து முக்கால் அங்குலத்தில் ஒட்டுநாடாவைச் சுற்றி, அதற்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரின் மொத்தக் கனமே 2 அங்குலத்துக்குள்தான் இருக்கும், மின்கம்பிகளும் அதற்குள்தான் ஓடுகின்றன. மின்னிணைப்பைத் துண்டித்து, மின்கலத்தையும் பிரித்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. திருகை மின்கருவியால் முழுவதும் இறுக்காமல், கடைசிச் சுற்றுகளைக் கைத் திருப்புளியால் முடியுங்கள். மெல்லிய பலகையில் அரைச்சுற்று கூடினாலும் மரை அழிந்து, திருகு வீணாகச் சுழலும். அப்படி அழிந்த பழைய துளைகளில் மரப்பசை தோய்த்த பல்குச்சிகளைத் திணித்து, ஒரு நாள் காயவிட்டு மீண்டும் திருகலாம்.

புதிய திரையோடு போகும் முதல் பயணம் முடிந்ததும் எல்லாத் திருகுகளையும் ஒருமுறை கையால் இறுக்கிப் பாருங்கள். குளிர் நாட்களில் காலையில் எழுந்தவுடன் திரைகளை உயர்த்திவிடுங்கள். ஒற்றைக் கண்ணாடியில் இரவெல்லாம் படிந்த நீர் திரைக்குப் பின்னே தேங்கினால், சன்னலுக்குக் கீழே உள்ள சுவர்ப்பலகை ஊறிப் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பலகையில் இறுக்கிய கீழ்க்கொக்கியும் அதோடு கழன்றுவிடும்.