கொல்லைப்புறத்துக் கிளியையும் தையல்சிட்டையும் ஒப்பிட்டு அறியும் முறை

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கொய்யா மரத்தில், பச்சை முதுகுடன் தாவிய ஒரு சிறு பறவையைக் கண்டு, குறிப்பேட்டில் "கிளிக்குஞ்சு" என்று எழுதி வைத்தவன் நான். அது தையல்சிட்டு. இரண்டுக்கும் முதுகு பச்சை என்பதால், ஒப்பீட்டை நிறத்திலிருந்து தொடங்க வேண்டாம்.

முதலில் இருநோக்கி (பைனாகுலர்). 8 மடங்கு பெரிதாக்கும் 42 மி.மீ. வில்லை போதுமானது, 20 மடங்கு என்று விற்பவை கையில் நிற்காமல் ஆடும். தையல்சிட்டு 3 மீட்டர் தூரத்தில் வந்து அமரும் என்பதால், அவ்வளவு அருகிலும் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, அளவு. இங்கே கிளி என்று நான் சொல்லும் செந்தார்ப் பைங்கிளி சுமார் 40 செ.மீ., தையல்சிட்டு சுமார் 13 செ.மீ. கிளியின் நீளத்தில் பாதிக்கு மேல் வாலே. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தையல்சிட்டுக்கும் நடுவால் இறகுகள் நீளும். வாலை விட்டுவிட்டு உடலை மட்டும் ஒப்பிடுங்கள்.

மூன்றாவது படியில்தான் நான் பல நாள் செலவிட்டேன்: அலகும் காலும். கிளிக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு விரல்கள். அதனால்தான் அது ஒரு காலால் கிளையைப் பற்றி, மறுகாலில் கொய்யாத் துண்டை ஏந்தி, கொக்கி போன்ற சிவந்த அலகால் கொறிக்கிறது. கிளை ஏறும்போது அலகையே மூன்றாவது கால்போல ஊன்றும். தையல்சிட்டுக்கு முன்னே மூன்று, பின்னே ஒன்று. புழுவை ஊசி அலகின் நுனியிலேயே கவ்வி நிற்கும், காலில் ஏந்தாது.

குரலில் ஏமாறாதீர்கள். "ட்டுவீ, ட்டுவீ" என்று தையல்சிட்டு விடாமல் கூவும் உரப்பைக் கேட்டு, பெரிய பறவையைத் தேடி அலைந்திருக்கிறேன். கிளியோ மாலையில் ஊருணிக்கரை மரங்களுக்குக் கூட்டமாகப் பறக்கும்போதே கீச்சிட்டுக்கொண்டு போகும்.

கடைசியாகக் கூடு. கிளி மரப்பொந்திலும், பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளின் சுவர் ஓட்டைகளிலும் முட்டையிடும். தையல்சிட்டு இலை விளிம்பில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்துப் பை செய்யும். துளைக்கு வெளியே நூல்நுனி பிரிந்து குமிழ்போல் நிற்பதால் தையல் நழுவாது. கிளிக்குஞ்சு ஏறத்தாழ 7 வாரங்கள் பொந்துக்குள்ளேயே வளர்ந்து, பறக்கும் பருவத்தில்தான் வெளிவரும். கிளையில் தாவும் விரல் நீளக் கிளிக்குஞ்சு என்று ஒன்று கிடையவே கிடையாது.

பிற்சேர்க்கை: கழுத்தில் வளையம் இல்லாததையெல்லாம் பெண்கிளி என்று குறித்துவிட்டதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஆண்கிளிக்கும் கருப்பும் ரோஜா நிறமும் கலந்த வளையம் ஏறத்தாழ 3 வயதில்தான் முழுமையாக வரும். எனவே வளையமற்றதை "பெண் அல்லது இளங்கிளி" என்றே எழுதுங்கள்.