ஏர் ஃப்ரையரில் பட்டர்நட் பூசணி

மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போனால், காம்பு காய்ந்து, கையில் கனமாக இருக்கும் பட்டர்நட்டாகப் பார்த்து எடுப்பேன். கிடைக்காத நாளில் பரங்கிக்காய்க் கீற்று.

தோல் சீவும் முன் உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இதன் பால் பிசுபிசுவென்று ஒட்டிக் காய்ந்து, தோலை இழுத்துப் பிடிக்கும். சோப்புக்கும் லேசில் போகாது. கழுத்துப் பக்கம் விதையே இல்லை, அதுதான் வெட்டச் சுலபம். அரை கிலோவை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, ஈரம் போகத் துடையுங்கள். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், கொஞ்சம் சோம்புத்தூள் போட்டுப் பிரட்டவும்.

200 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். பாதியில் கூடையைக் குலுக்குங்கள். கூடையில் ஒரே அடுக்குதான். முதல் தடவை நான் குவித்துப் போட்டேன், வெந்து குழைந்துவிட்டது. சூடான காற்று துண்டுகளுக்கு நடுவே ஓடினால்தான் ஓரம் சிவக்கும். விளிம்பு கருஞ்சிவப்பாகி, குச்சி தடையில்லாமல் இறங்கினால் சரி, எடுத்துவிடலாம்.

எங்கள் அத்தைக்கு ரசம் சோற்றோடு இதுதான் வேண்டும். அவருக்கு மட்டும் காரத்தைக் குறைத்து, கடைசி மூன்று நிமிடத்தில் கறிவேப்பிலையை எண்ணெயில் பிசறித் துண்டுகளுக்கு அடியில் செருகிவிடுவேன். மேலே போட்டால் காற்றில் பறந்து கருகிவிடும்.