ஊட்டி தாவரவியல் பூங்காவை வீல்சேரில் சுற்றுவது எப்படி?

ஊட்டி அரசு தாவரவியல் பூங்கா இருப்பது தொட்டபெட்டா அடிவாரச் சரிவில். 1848-ல் தொடங்கி, தோட்டக்கலை நிபுணர் மெக்ஐவர் மலைச்சரிவிலேயே உருவாக்கிய தோட்டம், சுமார் 22 ஹெக்டேர். அதனால் உள்ளே ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். "வீல்சேர் போகுமா?" என்று யாரைக் கேட்டாலும் "தாராளமா போகும்" என்பார்கள். போகும்தான். இறங்கி வருவதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் நாள் பாருங்கள். மே மலர்க் கண்காட்சி சமயம் வேண்டவே வேண்டாம். உட்கார்ந்திருக்கும் நமக்குப் பூ தெரியாது, அடுத்தவர் இடுப்பும் ஹேண்ட்பேக்கும்தான் தெரியும். என் ஓட்டு ஜனவரி முதல் மார்ச் வரை, வார நாள், பனி ஈரம் காய்ந்தபிறகு. வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் எடுத்துவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

அடுத்து சேர். காற்றடித்த டயர்தான் நல்லது. கெட்டி ரப்பர் டயர் பஞ்சர் ஆகாது என்பார்கள், ஆனால் கல் பாவிய பாதையில் முதுகெலும்பு பதில் சொல்ல வேண்டியிருக்கும். உள்ளங்கையில் தோல் வைத்த பைக் கிளவுஸ் கட்டாயம். குளிரில், சக்கரத்தை உருட்டப் பிடிக்கும் ஸ்டீல் கைவளையத்தைத் தொடவே முடியாது.

உள்ளே போனதும் கீழ்ப்பகுதிப் புல்வெளியை ஆற அமரப் பாருங்கள். 2 கோடி ஆண்டுப் பழமையானது என்று சொல்லப்படும் கல்மரத்தை, அதாவது கல்லாகிப்போன மரத்தை, விட்டுவிடாதீர்கள். மேல்கோடியில் இருக்கும் தோடர் மந்து (தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு) வரை போவதா என்பது, தள்ளுகிறவரின் முதுகைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியது.

இனி இறக்கம். முகம் கீழே பார்த்தபடி இறங்காதீர்கள். சேரைத் திருப்பி, உங்கள் முகம் மேட்டைப் பார்க்கட்டும். தள்ளுகிறவர் உங்களுக்குப் பின்னால், அதாவது பள்ளத்துப் பக்கம் நின்று, கைப்பிடியை உடம்போடு அணைத்துக்கொண்டு, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபடி, சின்னச் சின்ன அடியாகப் பின்னுக்கு நடக்க வேண்டும். நீங்கள் உடம்பை லேசாக முன்னால் சாயுங்கள். சேர் பின்னால் கவிழாமல் தடுக்கும் ஆன்டி-டிப்பர் குட்டிச் சக்கரம் இருந்தால், சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் இடத்தில் தரையில் இடிக்கும், கவனம்.

சக்கரத்தில் அழுத்தும் அந்த பிரேக் இருக்கிறதே, அது நிறுத்திவைக்க மட்டும். ஓடும்போது வேகம் குறைக்க அதைப் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் கவ்வி, சேர் குறுக்கே திரும்பிவிடும். வேகத்தைக் கைவளையத்தில்தான் அடக்க வேண்டும். தள்ளுகிறவருக்கு இதை ஹோட்டல் வாசல் சரிவிலேயே ஒருமுறை பழக்கிவிடுங்கள். பாதி வழியில் ஆள் மாற்றுவதென்றால், பிரேக் போட்டு, சேரைச் சரிவுக்குக் குறுக்காக நிறுத்தியபிறகு மாற்றுங்கள்.

புல்லில் இறங்கத் தோன்றினால் இழுப்பதே சுலபம்: பெரிய சக்கரம் முதலில் போகும்படி பின்பக்கமாக இழுக்கச் சொல்லுங்கள். முன்னால் தள்ளினால் சின்னச் சக்கரம் மண்ணில் புதைந்து ஆளைக் கவிழ்க்கும்.

பின்சேர்க்கை: பேட்டரி சேர் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஏற்றத்திலும் குளிரிலும் சார்ஜ் வேகமாக இறங்கும். படிக்கட்டு வந்தால் இரண்டு பேராலும் தூக்க முடியாது. மடக்கக்கூடிய சாதா சேரும் தெம்பான ஒரு மச்சானும் போதும். டாய்லெட்டை ஹோட்டலிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள், சேரின் அகலத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எந்தக் கதவு முன்னால் நின்றாலும் நுழையுமா என்று உடனே தெரிந்துவிடும்.