நாபாவுக்கு இருவராகப் போகும்போது

ஒயினுக்குப் பெயர்போன கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்குக்கு ஒயின் ருசி பார்க்கக் கணவனும் மனைவியுமாகக் காரில் கிளம்பினால், யார் வண்டி ஓட்டுவது என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஓட்டுபவர் ஒயினை ருசி மட்டும் பார்த்துவிட்டு, மேசையில் இருக்கும் வாளியில் துப்பிவிடலாம். அங்கே யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். ஒயின் தயாரித்து ருசி பார்க்கத் தரும் இடங்களான ஒயினரிகள் பெரும்பாலானவற்றில் முன்பதிவு வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று ஒயினரி போதும். நான்காவதில் நாக்குக்கு எல்லாமே ஒன்றுதான். வார இறுதியில் 29ஆம் எண் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊரும். கிழக்கே அதற்கு இணையாகப் போகும் சில்வராடோ டிரெயில் சாலையைப் பிடியுங்கள். அப்புறம், திறந்த பாட்டில் டிக்கியில்தான் இருக்க வேண்டும், அது சட்டம். திறக்காததையும் வெயிலில் நிற்கும் காரில் விட்டால் கெட்டுவிடும். ஐஸ் பெட்டி ஒன்று எடுத்துப் போங்கள்.