மகளிர் குழு வேலையெல்லாம் ஊக்குநர் (குழுவை நடத்தும் உறுப்பினர்) ஒருவர் தலையிலேயே விழாமல் இருக்க

சுய உதவிக் குழுவில் 20 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பின்னால் உட்காருபவர்கள் வாயே திறக்கமாட்டார்கள்.

கூட்டத்தின் கிழமையும் நேரமும் மாறக் கூடாது. வட்டமாக உட்காருங்கள். சேமிப்பையும் கடன் தவணையையும் எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, அங்கேயே பதிவேட்டிலும் பாஸ்புக்கிலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "வீட்டுக்குப் போய் எழுதிக்கிறேன்" என்பதில்தான் சண்டை பிறக்கிறது, பணம் சரியாகவே இருந்தாலும்.

யாருக்குக் கடன் என்ற பேச்சில் ஊக்குநர் கடைசியாகப் பேசட்டும். முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். வங்கிக்கு இருவர் போங்கள். அதில் ஒருவர் ஒவ்வொரு முறையும் மாறட்டும்.

ஊக்குநர் பொறுப்பை மாற்றும் முன் புதியவர் மூன்று மாதமாவது கணக்கு எழுதிப் பழக வேண்டும். தவணை தவறியவரைக் கூட்டத்தில் நிற்கவைத்துக் கேட்காமல், இருவர் வீட்டுக்குப் போய்க் காரணம் கேளுங்கள். அவமானப்பட்டவர் அடுத்த வாரம் வரமாட்டார், பணமும் வராது.